பட்டினிப் பாத்தி

தியாகேசன் வயலில் கடைசிப் பாத்திக்கு ஊரார் வைத்திருந்த பெயர் பட்டினிப் பாத்தி. ஊரார் வைத்தார்கள் என்றாலும் எடுத்துக்கொடுத்தவள் அவர் மனைவி மாலதிதான்.

திருவையாற்றுக்குக் கிழக்கே, குடமுருட்டி ஆற்றுப் பாசனத்தில் இருக்கிறது அந்த ஊர். நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து எழில்மொழி என்ற பெண் ஸ்கூட்டரில் வந்து, வயலை வரப்புப் போட்டு மூன்றாகப் பிரித்துக் கொடுத்தாள். முதல் பாத்திக்கு வழக்கம்போல முழு யூரியா. நடுப்பாத்தியில் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் முன்னே மடக்கி உழுது, அதன் மேல் பாதி யூரியா. கடைசிப் பாத்திக்கு ஒன்றுமே கிடையாது.

"அப்ப இது முழுச்சாப்பாடு, இது அரைச்சாப்பாடு, இது பட்டினியா பாப்பா?" என்று கேட்டாள் மாலதி.

எழில்மொழி சிரித்துவிட்டாள். அவளும் நாகப்பட்டினம் பக்கத்தில் நடவுக்குப் போன வீட்டுப் பெண்தான். இந்தப் பேச்செல்லாம் அவளுக்குப் புதிதில்லை. "ஆமாக்கா. எதுவும் போடாம இந்த மண்ணு தானா எவ்வளவு குடுக்குதுன்னு தெரிஞ்சாத்தான், நாம போட்டது எவ்வளவு வேலை செஞ்சிதுன்னு சொல்ல முடியும். அதுக்கு ஒண்ணு பட்டினி கெடந்துதான் ஆகணும்."

மூன்று சம்பா இப்படி நடக்க வேண்டும். மூன்றிலும் அரைச்சாப்பாடு முழுச்சாப்பாட்டுக்கு ஈடாக நின்றால், யூரியாவைப் பாதியாகக் குறைக்கலாம் என்று இந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் சொல்லிவிடலாம். மாலதிக்கு அது வேண்டியிருந்தது. வருஷத்துக்கு வருஷம் உரம் கூடிக்கொண்டே போவதையும், மண் காய்ந்தால் செங்கல்லாக இறுகுவதையும் பார்த்துப் பார்த்து அவளுக்கு அலுத்துப் போயிருந்தது. "மண்வெட்டிக்கு ஒரு மண்புழு வரலன்னா அது என்ன வயலு?" என்பாள்.

இலையின் பச்சையைப் பார்த்துச் சொல்ல ஓர் அட்டை உண்டு. வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை பட்டை பட்டையாக இருக்கும். இலையை அதன் மேல் வைத்து, எந்தப் பட்டைக்குச் சேர்கிறது என்று பார்க்க வேண்டும். ஆளுக்கு ஆள் கண் மாறும் என்பதால் ஒரே ஆள்தான் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்று எழில்மொழி சொல்லியிருந்தாள். அந்தக் கண் மாலதியுடையது. பட்டினிப் பாத்தி மட்டும் எப்போதும் சோகை பிடித்த பிள்ளை மாதிரி வெளிறிக் கிடக்கும். வரப்பில் போகிறவர்கள் சும்மா போக மாட்டார்கள்.

"என்ன மாலதி, கடைசிப் புள்ளைக்கு இன்னைக்கும் சோறு ஊத்தலியா?"

"அது வெரதம் இருக்கு மாமா. நீங்க உங்க சோலியப் பாருங்க."

இரண்டு சம்பா இப்படிப் போயிற்று. இரண்டிலும் அரைச்சாப்பாடு முழுச்சாப்பாட்டோடு தோளுக்குத் தோள் நின்றது. மூன்றாவது சம்பாவில், பயிர் தூர் கட்டுகிற ஐப்பசி மாதத்தில், மாலதி காய்ச்சல் என்று படுத்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தது உடம்புதான்.

தியாகேசன் அழவில்லை. அழுவார், அழுவார் என்று எல்லோரும் பக்கத்திலேயே இருந்து பார்த்தார்கள். துபாயிலிருந்து வந்த மகன் சதீஷ் கட்டிப்பிடித்துக் கதறியபோதுகூட அவர் அவன் முதுகைத் தட்டிக்கொண்டு, "சாப்புட்டியா?" என்றுதான் கேட்டார். காரியமெல்லாம் முடிந்து அவனும் துபாய்க்குத் திரும்பினான். அதன் பிறகு வீட்டில் குழம்பு கொதித்தது, பால் பொங்கியது, யார் யாரோ வந்து சமைத்து வைத்துவிட்டுப் போனார்கள். உப்பு இருக்கிறதா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. தட்டில் போட்டதைச் சாப்பிட்டுக் கை கழுவினார். ஆள் இருக்கிறார், உள்ளே யாரும் இல்லை என்கிற மாதிரி ஓர் இருப்பு. உங்களில் சிலருக்கு அது தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்குத் தெரியாமலே இருக்கட்டும்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் கருமாதி முடியும்வரை வயலில் கால் வைப்பதில்லை. அதுவரை அக்கம்பக்கத்து வயல்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். மடை திறப்பார்கள், களை பறிப்பார்கள், பூச்சி விழுந்தால் மருந்தடிப்பார்கள். செய்தவர்கள் சொல்வதில்லை, வீட்டுக்காரர்கள் கேட்பதில்லை. கேட்டால் கணக்குப் பார்த்த மாதிரி ஆகிவிடும். நன்றி சொன்னாலும் தப்பு. வயல் தானே விளைந்ததுபோல எல்லோரும் பேசாமல் இருந்துவிட வேண்டும்.

கருமாதி முடிந்த வாரத்தில் எழில்மொழி வந்தாள். ஏற்கெனவே துக்கத்துக்கு வந்து, மாலதியின் காலடியில் நின்று அழுதுவிட்டுப் போனவள்தான். இப்போது தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஐயா, அட்டை பார்க்கணும். அக்கா இடத்துல நீங்க பார்த்தா நல்லது. வயலைத் தெரிஞ்ச கண்ணு வேணும்."

"பார்க்கலாம் மேடம்" என்றார். மாலதி அந்தப் பெண்ணைப் பாப்பா என்பாள், அவருக்கு அது வராது. காலண்டருக்குப் பின்னால் செருகியிருந்த அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவருக்கு ஒன்றுதான் தெரிந்திருந்தது. மாலதி ஆரம்பித்ததில் இந்த ஒரு சம்பா பாக்கி. அது முடிய வேண்டும். முடிந்தால் என்ன ஆகும் என்று அவர் யோசிக்கவில்லை. முடிய வேண்டும், அவ்வளவுதான்.

வரப்பில் ஏறியதும் எழில்மொழி நின்றுவிட்டாள்.

பட்டினிப் பாத்தி கருகருவென்று நின்றது. முழுச்சாப்பாட்டைவிடக் கறுப்பு. இலையெல்லாம் வாழைக்குருத்து மாதிரி கொழுத்து, காற்றுக்குத் தளதளவென்று ஆடியது.

"மொதல்ல பாருங்க ஐயா" என்றாள் அவள். "வெயிலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்க. உங்க நிழல்ல வெச்சுப் பார்க்கணும்."

அவர் நிழல் விழுகிற மாதிரி நின்று, ஓர் இலையைப் பிடித்து அட்டை மேல் வைத்தார். கடைசிப் பட்டையைவிடவும் கறுப்பாக இருந்தது இலை. இன்னொன்று எடுத்தார். அதுவும் அப்படியே.

"யாரோ யூரியா போட்டிருக்காங்க" என்றாள்.

"ஆமாம்" என்றார் தியாகேசன். யார் என்றோ ஏன் என்றோ அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. இலையைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

எழில்மொழி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். "யார் போட்டாங்க, எவ்வளவு, எப்போன்னு தெரிஞ்சா ஏதாவது வழி இருக்கான்னு எங்க நிலையத்துல கேட்டுப் பார்க்கலாம். கேட்டுச் சொல்லுவீங்களா?" என்றாள்.

கேட்கக் கூடாது என்பதுதான் வழக்கம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டாள். வேறு வழி இல்லை.

வாய்க்கால் மதகை ஒட்டி அஹமது கபீரின் டீக்கடை. மறுநாள் காலையில் தியாகேசன் அங்கே போனார். பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். கபீர் கேட்காமலே டீயைக் கையில் கொடுத்தார். தியாகேசன் இரண்டு வாய் குடித்துவிட்டு, பஸ் வந்துவிட்டதா என்று விசாரிக்கிறவர் மாதிரி கேட்டார்.

"பட்டினிப் பாத்திக்கு யாரு யூரியா போட்டது?"

கபீர் சர்க்கரை போட்ட டம்ளருக்கே மறுபடியும் சர்க்கரை போட்டார்.

"கேக்குறது யாரு, நீயா, மேடமா?" என்றார் கீழ்வயல் முருகையன்.

"நான்தான்."

முருகையன் துண்டை எடுத்து இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். "ரெண்டு கை போட்டேன் மாப்ள. எங்க வயலுக்குத் தெளிச்சதுல மிச்சம் கெடந்துது. தாயில்லாப் புள்ள மாதிரி வெளுத்துப்போய் நின்னுச்சா, மனசு கேக்கல."

"நீயுமா?" என்றார் பக்கத்தில் இருந்த வேம்பு.

"நீயுமான்னா? அப்ப நீ?"

"நான் அரை அன்னக்கூடை."

"அடப்பாவி! அரை அன்னக்கூடையா? அதான் கரும்பாட்டம் நிக்குதா! நான் என் ரெண்டு கைக்கா இவ்வளவு வந்துதுன்னு கைய மோந்து பாத்துக்கிட்டுத் திரியிறேன்."

யாரோ சிரித்தார்கள். சிரித்தவர் தியாகேசனைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அந்த நேரம் பார்த்துப் பால் வாங்க வந்த பூவம்மாள், தூக்குவாளியைப் பெஞ்சில் நங்கென்று வைத்தாள். அவளுக்குப் பக்கத்து வயல். மாலதியோடு ஒன்றாகக் களை பறித்தவள், ஒன்றாகச் சண்டை போட்டவள்.

"என்னாங்கடா ரெண்டு பேரும் பங்கு பேசுறீங்க? மொதல்ல போட்டவ நான். கருமாதிக்கு முன்னாடியே போட்டாச்சு. தெரியுமா?"

"நீ எவ்வளவு போட்ட அக்கா?" என்று கேட்டார் தியாகேசன்.

"அளந்தா போடுவாங்க? மடியில கொண்டுபோனேன். தம்பி, அவ செத்துக் கெடக்குறா, அந்தப் பாத்தியும் செத்த நெறத்துல கெடக்குது. எப்படிப் பாத்துக்கிட்டுப் போவ, சொல்லு?"

ஒருவர் போட்டது இன்னொருவருக்குத் தெரியாது. சொல்லிக்கொள்ளக் கூடாதே! தான் ஒருவர்தான் போட்டோம் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாத்தி ஆயுசில் அப்படிச் சாப்பிட்டதில்லை.

"எனக்கு வயல் இல்ல அண்ணே" என்றார் கபீர். "இருந்திருந்தா நானும்தான் போட்டிருப்பேன்."

தியாகேசன் டீயை முடித்துவிட்டு எழுந்தார். கோபம் வந்திருக்க வேண்டும், இல்லை மனசு நெகிழ்ந்திருக்க வேண்டும். இரண்டில் எது வருகிறது என்று பார்த்தபடியே வீடுவரை நடந்தார். எதுவும் வரவில்லை.

எழில்மொழியிடம் போனில் சொன்னார். ரெண்டு கை, அரை அன்னக்கூடை, ஒரு மடி.

"சரிங்க ஐயா. பட்டினிப் பாத்தி போச்சு. அதை விட்டுடலாம்" என்றாள். "ஆனா நமக்கு முக்கியம் மத்த ரெண்டும்தான். முழுச்சாப்பாடும் அரைச்சாப்பாடும் சுத்தமா இருந்தா அதை வெச்சாவது இந்த சம்பாவைச் சேர்த்துக்கலாம்னு எங்க நிலையத்துப் பெரியவர் நேத்தே சொல்லிட்டார். நடுப்பாத்தியில யாரும் கை வைக்கலன்னு மட்டும் உறுதியாத் தெரியணும்."

"இலையப் பாத்தாத் தெரியாதா? அங்க ஆய்வுக்கூடத்துல?"

"இலையில தழைச்சத்து எவ்வளவு இருக்குன்னு சொல்லலாம். அது யூரியா மூட்டையிலேருந்து வந்துதா, தக்கைப்பூண்டுலேருந்து வந்துதான்னு எங்க கருவியால சொல்ல முடியாதுங்க. நம்ம கேள்வியே அதுதானே. ஊர்க்காரங்கதான் சொல்லணும்."

அன்று சாயங்காலமே தியாகேசன் மறுபடியும் கேட்கப் போனார். முருகையன் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். கேள்வி முடியும் முன்னே பதில் வந்துவிட்டது. "நடுப்பாத்திய யாரும் தொடல மாப்ள." வேம்பு வீட்டில் அவர் வாசலுக்கே வந்து சொன்னார், "நடுப்பாத்திய யாரும் தொடல." பூவம்மாள் முகத்தைக் கொடுக்காமல் பாத்திரம் தேய்த்தபடி சொன்னாள், "நடுப்பாத்திய யாரும் தொடல தம்பி. போ, போய்ச் சாப்புடு." திரும்பும் வழியில் கடையைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்த கபீர், இவர் வாயே திறக்கவில்லை, தாமாகவே கூப்பிட்டுச் சொன்னார்.

"அண்ணே, நடுப்பாத்திய யாரும் தொடல."

வயலே இல்லாத கபீருக்கு எப்படித் தெரியும்?

மதகுக் கட்டையில் உட்கார்ந்தார் தியாகேசன். காலையில் கேட்டபோது ஒருவருக்குக் கை, ஒருவருக்குக் கூடை, ஒருத்திக்கு மடி. இப்போது நாலு வாயிலும் ஒரே சொல். இடையில் கூடிப் பேசியிருக்கிறார்கள். எதற்கு என்றும் அவருக்குத் தெரியும். மாலதியின் வயலைக் காப்பாற்றித் தரலாம் என்று நினைத்திருக்கிறார்கள். யூரியா போட்ட அதே கைகள், அதே இரக்கத்தோடு இதையும் போடுகின்றன. யாரும் தொடாமலும் இருந்திருக்கலாம். தொட்டும் இருக்கலாம். இனி அதை யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது.

மறுநாள் எழில்மொழி வந்தபோது அவர் வயலில்தான் நின்றார். பின்னாலேயே முருகையனும் வேம்பும் வந்துவிட்டார்கள். பூவம்மாள் தன் வயலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். டீ கொடுக்கிற சாக்கில் பிளாஸ்க்கோடு கபீர்கூட வந்திருந்தார்.

"என்ன சொல்றாங்க ஐயா?" என்றாள் எழில்மொழி. அவள் முகத்தில் ஆசை இருந்தது. அவளுக்கும் அது மூன்று வருஷ வேலை.

ஒரு சொல் சொன்னால் போதும். மாலதி பாடுபட்டது பிழைத்துவிடும். அவர் முருகையனைப் பார்த்தார். முருகையன் சொல்லு, சொல்லு என்று கண்ணால் கெஞ்சினார்.

"நடுப்பாத்திய யாரும் தொடலன்னு சொல்றாங்க" என்றார் தியாகேசன். "எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்க மேடம். அதனால நம்ப வேணாம்."

அதை அவர் தைரியமாகச் சொன்னார் என்று நினைத்துவிடாதீர்கள். வருத்தத்தோடும் சொல்லவில்லை. பொய் சொல்லி, அதைக் காப்பாற்றி, நாளைக்கும் ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு தெம்பு வேண்டும் இல்லையா? அது அவரிடம் இல்லை.

எழில்மொழி மெல்லக் கேட்டாள். "அக்கா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாங்க?"

"அவ இருந்திருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது."

அவள் தலையை ஆட்டினாள். "மொத ரெண்டு சம்பாவும் அக்கா பார்த்தது அப்படியே இருக்குங்க. அதை யாரும் எடுக்க முடியாது. ஆனா ரெண்டை மட்டும் வெச்சு ஊருக்குச் சொல்ல முடியாது." வயலில் இறங்கி, பாத்திக்குப் பாத்தி நட்டிருந்த தகடு மாட்டிய குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தாள்.

அவ்வளவுதான், பூவம்மாள் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு வரப்பைத் தாண்டி வந்துவிட்டாள்.

"நீயெல்லாம் ஒரு மனுசனா? பொண்டாட்டி பாடுபட்ட வயல ஒரே பேச்சுல மண்ணாக்கிட்ட! நாங்க இத்தன பேரு சொல்றோம், நம்ப வேணாங்குற! அவ செத்தப்பத்தான் கண்ணுல தண்ணி வரல, இப்பவாவது வருதா பாரு! கல்லு! கருங்கல்லு!"

"பூவம்மா, விடு" என்றார் வேம்பு.

"நீ சும்மா கெட!"

தியாகேசன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் வராத ஆளிடம் எவ்வளவு நேரம்தான் கத்த முடியும்? அவள் குரல் தானாகவே இறங்கியது. வரப்பில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"ஒரு கைதான் போட்டேன்" என்றாள்.

"எதுல?" என்று கேட்டாள் எழில்மொழி, குச்சியும் கையுமாக.

"நடுவுல உள்ளதுல. மூத்தது நல்லாத் தின்னுது. கடைசிக்கு மடி நெறயப் போட்டுட்டேன். நடுவுல உள்ளது பாத்துக்கிட்டு நிக்குது பாப்பா. ஒரு புள்ளைக்குக் குடுத்துட்டு ஒரு புள்ளைய எப்படிப் பாக்கவிடுறது? அதான் ஒரு கை, ஓரமா..."

கபீர் பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றி முதலில் அவளிடம்தான் கொடுத்தார்.

டீயைக் குடித்து முடித்ததும் பூவம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். "இனிமே இது அவ்வளவுதானா? இன்னொரு தடவ போட முடியாதா?"

"இந்த வயல்ல முடியாதுக்கா. உரம் மண்ணுல கலந்துபோச்சு. வேற வயல் வேணும். முதல்லேருந்து மூணு சம்பா."

"எங்க வயல்ல போடு."

எழில்மொழி அவளையும் தியாகேசனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன பாக்குற? எங்க வயல்தான் சரி. ஒரு பாத்திய என்ன, மொத்த வயலையும் பட்டினி போட்டாலும் எவனும் எட்டிப் பாக்க மாட்டான். எனக்கு யாரு எரக்கப்படப் போறா?"

"யூரியா விழாது, கல்லுதான் விழும்" என்றார் முருகையன்.

"விழட்டுமே, கல்லுல தழைச்சத்து இல்லல்ல?"

இந்தமுறை எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். எழில்மொழியும் சிரித்தாள். தியாகேசன் சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பு முடியும்வரை அங்கேயே நின்றார். இத்தனை நாளில் சிரிப்புச் சத்தம் கேட்டால் மெல்ல விலகிப் போய்விடுவது அவர் வழக்கம்.

பூவம்மாள் எழுந்து புடவை மண்ணைத் தட்டினாள். விரலை நீட்டி ஒவ்வொருவராகக் காட்டினாள். "நல்லாக் கேட்டுக்குங்க. மூணு வருசத்துல எனக்கே ஒண்ணு ஆனாலும் எவனும் எங்க வயல்ல கால வைக்கக் கூடாது. தண்ணி கட்டணும்னா பாப்பாவக் கேட்டுட்டுக் கட்டுங்க. பயிரு வெளுத்துதா, வெளுக்கட்டும். கண்ண மூடிக்கிட்டுப் போங்க. கபீரு, நீதான் சாட்சி."

"சரிக்கா" என்றார் கபீர்.

அந்த ஊரில் அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. தன் சாவுக்குப் பிறகு தன் வயலை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டவர் எவரும் இல்லை. முருகையன் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"பயிர் இருக்குறப்பவே நீள அகலம் எடுத்து வெச்சுக்கலாமா?" என்று கேட்டாள் எழில்மொழி. பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு பூவம்மாளுடைய வயலின் வரப்போடு நடந்தாள். நாடா நீண்டுகொண்டே போய், காற்றில் பட்டுப் பட்டென்று அடித்தது. இன்னொரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது.

தியாகேசன் போய் அதைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் பின்னால வாங்க ஐயா" என்று தூரத்திலிருந்து குரல் வந்தது. "நல்லா இழுத்துப் பிடிங்க."

அவர் வரப்பு மூலைக்கு வந்து, காலை ஊன்றி, இழுத்துப் பிடித்தார்.